மருதவனச் சித்தரின் செம்பு

பாபநாசத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துப் படுகைக் காட்டுக்கு அந்த வாரம் வந்த கூட்டம் ஆற்றில் வந்த தண்ணீரைவிட அதிகம். அரசாங்கம் வேலி போட்டுக் காத்த காடு. அதில் நாற்பது நீர்மருத மரங்களைக் காணவில்லை. போலீசை நம்பாத ஜனம் மருதவனச் சித்தரை நம்பியது. அவருடைய மஞ்சள் தீர்த்தச் செம்பில் விரல் விட வேண்டும். மரம் வெட்டிய பாவி என்றால் தண்ணீர் ரத்தமாகும். சித்தருக்குப் பந்தல் போட்டவர் மிராசுதார் இராஜாங்கம். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருக்குப் பக்தி முற்றியிருந்தது.

முதலில் மிராசுதார் சிகரெட்டை எறிந்துவிட்டு விரல் விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்து, அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டில் கோரை அறுத்துப் பிழைக்கும் பெண்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்தவர்கள். ஒருத்தி விடாமல் சிவந்தது. இனிச் சீட்டு கிடையாது என்றார் காட்டிலாகா ரேஞ்சர்.

அவர்களில் ஒருத்தியான அம்சத்துக்கும் சிவந்தது. அதைவிடக் கொடுமை, அவள் அதை நம்பிவிட்டாள். போன ஆடியில் ஆட்டுக்கு ஒடித்த புங்கங்கிளை ஒன்று மனதில் வந்து நின்றது. அதற்கா இத்தனை ரத்தம்? இரவெல்லாம் தன்னைத்தானே விசாரித்தாள். சித்தருக்கு அந்த வேலையும் மிச்சம்.

மறுநாள், பிள்ளை பெற்று வந்த எல்லையம்மாளுக்கு ஆரத்தி கரைக்க அம்சத்தைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். சிவந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கல்யாணத்துக்குக் கரைத்த கை! அவளுக்குச் செருப்பு கிடையாது. நேற்றுப் பந்தலுக்கு வெளியே அவள் விட்டுப் போனது புத்தியைத்தான்.

புளி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். ரேஞ்சர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மடித்து வாயில் போடும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, காட்டுக்குக் காவல் நீங்க. உங்க விரலையும் ஒருதரம் விட்டுக் காமிங்க. எங்களுக்கு மனசு ஆறும்."

அதிகாரிகளுக்குத் தேவையில்லை என்று சித்தர் செம்பை நகர்த்தினார். கூட்டம் விடவில்லை. ரேஞ்சர் விரல் விட்டார். சிவந்தது.

"அப்ப ஐயாவுக்கும் பங்கு இருக்கு" என்று சித்தர் உளறினார். ரேஞ்சர் முகம் தண்ணீரைவிடச் சிவந்தது.

அம்சம் அடுத்துக் கரைத்த செம்பில் தன் விரலை விட்டாள். மஞ்சள் அசையவில்லை.

"நேத்து பாவி, இன்னைக்கு இல்லையா? வெட்டுனது நாங்க இல்லிங்க. செவந்தது விரல்ல ஒட்டுன வெத்தலச் சுண்ணாம்பால. செம்ப விட்டுட்டு, காட்டுலேருந்து போற வண்டித்தடத்தப் பாருங்க."

எல்லோரும் செம்பையே பார்த்ததில் யாரும் குனிந்து பார்க்காத தடம். அது மிராசுதாரின் வைக்கோல் போரில் போய் முடிந்தது. உள்ளே நாற்பது மரமும் படுத்திருந்தன.

சீட்டு திரும்பக் கிடைத்தது. மறுநாள் விடியும் முன்பே அம்சத்தின் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அவள் கையில் அருள் இறங்கியிருக்கிறதாம்.

"அருள் இல்ல, புளி" என்றாள் அம்சம். "உங்க வீட்டு அடுப்பங்கரையிலயும் இருக்கும். தலைக்குள்ள ஒண்ணு இருக்குமே, அதையும் போயி தேடிப் பாருங்க."