இருபத்திரண்டு நிமிடம் நின்றுபோன இதயம்

அன்புள்ள அண்ணன் மரியராஜ் அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து தங்கை வினோலியா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். வத்தலக்குண்டில் நீங்களும் சகாயராணி மதினியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம். போனில் இதைச் சொன்னால் 'ம்' கொட்டிவிட்டு, மதினியிடம் "பாவம், சமாளிக்கிறா" என்பீர்கள். அதனால்தான் தபால். கடிதத்தைப் பாதியில் மறித்துப் பேச முடியாது.

என் இதயம் இருபத்திரண்டு நிமிடம் நின்றுபோய் மறுபடி ஓடியதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்திக்கு நாற்பத்தொரு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். செத்துப் பிழைத்த லாசருக்கு அடுத்தபடி நான்தான். போதாததற்கு, நான் இனித் தனியாக இருக்கக் கூடாது, சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டும், ஸ்கூட்டரை மெக்கானிக் பொன்னழகுவிடம் தள்ளிவிட்டு உங்கள் மாடியறையில் வந்து உட்கார வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். பொன்னழகு நேற்றே வந்து டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்பில் இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்தது உண்மை. அதற்காகத்தான் டாக்டர் பரிசோதனை எழுதினார். லேப் மாலதி என் நெஞ்சில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ஏழு ஒட்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை மாட்டி, இடுப்பில் தொங்கும் சின்னப் பதிவுப் பெட்டியில் கொண்டு சேர்த்தாள். அந்த ஒட்டுக்கு எலக்ட்ரோடு என்று பெயர். அது உடம்பில் மின்சாரம் ஏற்றுவதில்லை. இதயம் தானாகப் போடும் துளி மின்சாரத்தைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே "ஒயரோட பிரிட்ஜைத் தொட்டுறாத" என்று நீங்கள் மூன்று தடவை போன் செய்திருக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க இதோடு இருக்க வேண்டும், குளிக்கக் கூடாது, மற்றபடி வழக்கம்போல் இருக்க வேண்டும், செய்வதையெல்லாம் நேரம் போட்டு ஒரு தாளில் குறிக்க வேண்டும் என்றாள் மாலதி. உங்கள் மூன்று போனும் அதில் இருக்கின்றன.

அன்று மாலை, எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபக்கூட்டம் என் வீட்டு முறை. கூட்டம் ஆரம்பிக்கும்போதே அன்பியத் தலைவி மரியசெல்வி அக்கா என் கழுத்தோரம் எட்டிப்பார்த்த ஒயரைக் கண்டுவிட்டார். "ஏத்தா, இம்புட்டு ஒயரை மாட்டிக்கிட்டு எங்களுக்கு டீ போடப் போறியாக்கும்?" என்று என்னை நாற்காலியில் அமர்த்தினார். பதினோரு பேரும் சுற்றி நின்று நல்மரணத்துக்குப் பாதுகாவலரான சூசையப்பரை அழைக்கத் தொடங்கினார்கள். எனக்கு மயக்கம்தான், மரணமில்லை என்று சொல்வதற்குச் செபத்தில் இடைவெளியே கிடைக்கவில்லை. அப்போதுதான், போன மாதம் திருயாத்திரை போய் நீங்கள் கொண்டுவந்து தந்த மந்திரித்த எண்ணெய்ப் புட்டி அலமாரியில் அக்காவின் கண்ணில் பட்டது. ஒட்டு கழன்றுவிடும் என்று கெஞ்சினேன்.

"ஆண்டவரு எண்ணெய்க்குக் கழலுற ஒட்டு, இருந்தா என்ன, போனா என்ன?"

அரைப்புட்டி எண்ணெய், அண்ணே. ஏழு ஒட்டும் வழுக்கிக்கொண்டு போயின. எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நெஞ்சைத் துடைத்து, மாலதி கொடுத்திருந்த உபரி ஒட்டுகளை அதே இடங்களில் ஒட்டினேன். "7.38, எண்ணெய். 8.00, துடைத்தேன்" என்று தாளிலும் எழுதினேன். ரிப்போர்ட்டை எனக்கு முந்திப் போய் வாங்கிய நீங்கள், அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்குப் 'பதிவு இல்லை' என்றிருந்ததைப் படித்தீர்கள். கூடவே இருந்த என் தாளைப் படிக்கவில்லை. பதிவு இல்லையென்றால் கேட்கிற காது இல்லை என்றுதான் அர்த்தம். அந்த நேரத்தில் நான் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து யோசித்தால் ஒன்று உறைக்கிறது. நாற்பத்தாறு வயதில், குறுக்கே பேசாமல் ஒரு நாள் முழுக்க என்னைக் கேட்டது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன் காதையும் உங்கள் எண்ணெய் அடைத்துவிட்டது.

டாக்டர் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னார். நேற்று முன்தினம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதையும் முடித்துவிட்டேன். அதில் ஒன்றும் இருக்காது. வேலையை விடமாட்டேன். வண்டியைக் கொடுக்கமாட்டேன். மாடியறையில் மதினி மிளகாய் காயப்போடட்டும். என்னைப் பார்க்க வரவும் வேண்டாம். நீங்கள் வந்தால் எண்ணெயும் வரும்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடுங்கள்.

உங்கள் தங்கை,
வினோலியா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது டாக்டரே போன் செய்தார். எண்ணெய் படாத அந்த நாளில் என் இதயம் மூன்று முறை, ஐந்தைந்து விநாடி, நிஜமாகவே நின்றிருக்கிறது. ஏழு ஒட்டும் ஒட்டியபடியேதான் இருந்தனவாம். திங்கட்கிழமை பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். அதன் எலக்ட்ரோடை இதயத்துக்குள்ளேயே திருகிவிடுவார்களாம். மரியசெல்வி அக்கா கை அங்கே எட்டாது. ஆறு வாரம் இடது கையைத் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்துவிடுங்கள் அண்ணே. கொஞ்சம் பயமாக இருக்கிறது. மாடியறையில் மிளகாயை அள்ளச் சொல்லுங்கள். ஸ்கூட்டரையும் வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் உங்கள் வாசலிலேயே நிறுத்துங்கள். ஏழாவது வாரம் அதில்தான் திரும்புவேன். பெட்ரோல் போட்டு வையுங்கள்.