தண்ணீர் கேட்டால் பழைய பேப்பர் வருகிறது

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. போனில் என்னிடமிருந்து ‘ம்’ என்பதைத் தவிர எதுவும் வருவதில்லை, ஒரு கடிதமாவது போடு என்று கோபித்துக்கொண்டீர்கள் அல்லவா, அதனால் இது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்த அம்மா, “உங்கப்பாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரல, அதுக்குள்ள எல்லாரும் நலமா? அண்ணிகிட்டப் பொய் எழுதாத” என்றார். ஆகவே நாங்கள் முக்கால் நலம். அங்கே நீங்களும் மாமாவும் முழு நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். சந்தடியே இல்லாத தெரு, மாடியில் தனி அறை. உங்களைத் தவிர வேறு யாருக்கு அத்தை இந்த மனசு வரும்? ஆனால் தயவு செய்து வராதீர்கள். அப்பாவை இப்போது அமைதியான இடத்துக்கு அனுப்பவே கூடாது. அம்மா இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரிக்கிறார், பிறகு அழுகிறார், நீங்கள் அங்கே பயந்துபோகிறீர்கள். அதனால் நடந்ததை நான் வரிசையாக எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அப்பாவிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது, பதிலுக்கு ‘ஆ’ மட்டும்தான் வந்தது. அவர் ‘ஆ’ என்பார், நான் தலையணையை நீட்டுவேன், அம்மா சட்டையை நீட்டுவார், அவர் தலையில் அடித்துக்கொள்வார், கடைசியில் பார்த்தால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருப்பார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் செருப்போடு சேர்த்துக் குரலையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். சத்தம் போடாமல் இருந்தால் குணமாகும் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, எங்கள் வீடு பரீட்சை நடக்கும் அறை மாதிரி ஆகிவிட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தெருத்தெருவாகக் கூவிப் பழைய இரும்பும் பேப்பரும் வாங்கிய மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. எனக்கு அதுதான் பயம். பேச்சு வராமல் போனதைவிட, இனி பேச வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டாரோ என்ற பயம்.

அம்மா ரொட்டிக் கம்பெனிக்குப் போயாக வேண்டும். அப்பாவின் தள்ளுவண்டி சும்மா நிற்கிறதே என்று நான் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலே வியர்த்துக் கொட்டி, அதற்காகவே எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எந்தத் தைரியத்தில் கிளம்பினேன் என்று கேட்காதீர்கள். பழைய பேப்பர் வண்டியைக் கூவாமல் தள்ளினால் யாருக்குத் தெரியும்? வாயைத் திறக்க வெட்கமாக இருந்ததால் மணி அடித்துப் பார்த்தேன். ஐஸ் வண்டி என்று நினைத்துக் குழந்தைகள் ஓடிவந்தார்கள். வண்டிக்குள் ஓட்டை வாளியைப் பார்த்த ஒரு குழந்தை அழுத அழுகையில் அதன் அம்மா என்னை முறைத்தார். மறுநாள் குளியலறையில் கூவிப் பழகிவிட்டுப் போய், எங்கள் வீட்டு வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, “என்ன பாப்பா, விக்கலா? தண்ணி குடி” என்றார்.

அப்போதுதான் அத்தை, மேலே எங்கள் ஜன்னலிலிருந்து, “பழைய இரும்பேஏய்... பேப்பரேஏய்... ஒடஞ்ச பிளாஸ்டிக்கேஏய்...” என்று முழுசாக, ஒரு சொல் சிந்தாமல், பழைய இழுவையோடு அப்பாவின் குரல் வந்தது. மேலே அம்மா எதையோ கீழே போட்ட சத்தமும் கேட்டது. நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைவிட அவருக்குத்தான் அதிக ஆச்சரியம். “என்னங்க, பேசுங்க, இன்னொரு வார்த்த பேசுங்க” என்று அம்மா உலுக்கினார். அப்பா, “ஆ” என்றார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அக்காவிடம் ஓடினோம். “பேச்சு வர்ற வழி அடைபட்டிருக்கு. பாட்டுக்கு வேற வழியும் இருக்கு. எல்லாருக்கும் இது பலிக்காது, ஒரே நாள்ல எதுவும் நடக்காது. ஆனா முயற்சி பண்ணுவோம். அவருக்கு நல்லாப் பழகின மெட்டு எது?” என்றார். அம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை நோயாளிகள் முன்னால் பழைய இரும்பு கூவினார். அந்த அக்கா சிரிக்கவில்லை. அப்பாவின் இடது கையைத் தட்டித் தட்டி, அதே மெட்டில் வேறு சொற்களைப் போட்டுப் பாடினார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே அந்த மெட்டில்தான். முதலில் நான் ஒரு வரி பாட வேண்டும், அப்பா திருப்பிப் பாட வேண்டும். நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. அப்பா காதில் கை வைத்துக் காட்டினார், சத்தமாக, சத்தமாக என்று கையை உயர்த்திக்கொண்டே போனார். அவருக்காகப் பாடும்போது வெட்கப்பட நேரமில்லை அத்தை. ஒருநாள் அவரே, “குடிக்கத் தண்ணியேஏய்... கொஞ்சம் சூடாவேஏய்...” என்று ஆரம்பித்தார். நாங்கள் சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடி ரிட்டயர்ட் சார் ஒரு கட்டுப் பேப்பரோடு நின்றார்! மெட்டுதான் காதில் விழுந்திருக்கிறது, சொல் விழவில்லை. அவருக்குப் பின்னால் தையல்காரர் மனைவி உடைந்த பக்கெட்டோடு. முதுகு அரிக்கிறது என்று அப்பா பாடினால் ஒரு ஜன்னல் கம்பி வந்து சேர்கிறது. குளியலறையிலிருந்து சோப்பு கேட்டார், துருப்பிடித்த சைக்கிள் ஒன்று வந்தது. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, “இது குடியிருக்கிற வீடா, குடோனா?” என்று சத்தம் போட, அம்மா பழக்க தோஷத்தில், “மன்னிச்சுக்கோங்கம்மாஆஆ” என்று அதே மெட்டில் பதில் சொல்ல, அந்த அம்மாவும் தன்னை மறந்து, “சரி சரிம்மாஆஆ” என்று இழுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை அத்தை. நேற்று அப்பா தண்ணீர் கேட்டபோது ரிட்டயர்ட் சார் ஒரு கையில் பேப்பர் கட்டும் இன்னொரு கையில் சூடான தண்ணீருமாக வந்தார். “ரெண்டும் இருக்கட்டும்னுதான்” என்றார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வண்டியையும் நான்தான் தள்ளுகிறேன். நான் கூவுவது தெருக்கோடிவரை கேட்கிறதாம். “விக்கல் நின்னுபோச்சே!” என்கிறார் தையல்காரர்.

அதனால்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு இனி பாட்டுதான் பேச்சு. சாதாரணமாகப் பேசுவார் என்று ஆசைப்பட்டு அவரைத் தொந்தரவு செய்வதாக இல்லை. கிடைத்ததே பெரிது. உங்கள் தெருவில் அவர் பாடினால் போலீஸைக் கூப்பிடுவார்கள். நீங்கள் கூப்பிட்ட மனசுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும். மாமாவின் காலைத் தொட்டதாகச் சொல்லுங்கள். எங்கே இருந்தாலும் உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு வேண்டும்.

சத்தமான அன்புடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது கட்டிலிலிருந்து அப்பா ஏதோ சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா வழக்கம்போல அவர் கையைத் தட்டி, “புரியலைங்க, பாடிச் சொல்லுங்க” என்றார். அப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “பேசு... றேன்டி” என்றார். மெட்டு இல்லை, இழுவை இல்லை, வெறும் பேச்சு. “அக்காவ... வரச் சொல்லு.” உங்களைத்தான் அத்தை. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். உங்களிடம் என்ன சொல்ல வேண்டும், எழுதிவிடுகிறேன் என்று கேட்டேன். இத்தனை நாள் அவருக்கு என்ன வேண்டுமென்றாலும் அது மூன்று மாடிக்கும் தெரியும். இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது... எங்களுக்குள்ள” என்கிறார்.