ஏரியலில் உறைந்த பனி

"அடுத்து, ஹாஜி ஸவாஹிர் அவர்களின் பேச்சு" என்று அறிவிப்பாளர் கணீரென்று சொன்னார். அத்தோடு ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

வெள்ளவத்தை வீட்டில் றவூபுக்கு வியர்த்தது. பேசப்போவது மாமனார். ரேடியோவை வாங்கிக் கொடுத்ததும் அவரே. பேசி முடித்து நேரே இங்கேதான் வருவார். எப்படி என்று கேட்பார். பதில் பிடித்துப்போனால் தன் கொட்டாஞ்சேனைப் புடவைக் கடைப் பலகையில் 'ஸவாஹிர் அண்ட் மருமகன்' என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"பெட்டியோட வந்த பொத்தகத்தப் பாருங்களேன்" என்றாள் மனைவி றமீலா.

லண்டனில் அச்சான கைநூல். 'ஒலி வராவிட்டால் ஒன்பதாம் பக்கம் பார்க்கவும்' என்றது. ஒன்பதாம் பக்கம், இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்த அவனது ரசனையைப் பாராட்டியது.

அதற்கடுத்த பக்கம்: 'ஏரியலில் உறைந்த பனியைத் தட்டிவிடவும்.'

"பனியா? வெள்ளவத்தையிலயா?"

"சீமையில படிச்சவங்க சும்மா எழுதுவாங்களா? தட்டித்தான் பாருங்க."

கம்பால் தட்டினான். கூரைமேல் கட்டியிருந்த ஏரியல் கம்பி அறுந்து, அடுத்த வீட்டு ஒஸ்வால்டின் கோழிக்கூட்டில் விழுந்தது.

"மிஸ்டர் றவூப், என்ன இது?"

"பனி தட்டுறன்."

ஒஸ்வால்ட் கோழிகளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டார்.

'மண்ணில் புதைத்த நிலக்கம்பியைச் சுற்றி ஈரம் வேண்டும்.' றமீலா வாளி வாளியாக ஊற்றினாள். தண்ணீர் படியேறி ஹோலுக்குள் வந்தது.

'பெட்டிக்குள் உள்ள கண்ணாடி வால்வுகளைக் கழற்றித் திரும்பப் பொருத்தவும்' என்று அந்தப் பக்கம் முடிந்தது. கழற்றினான், அலறினான், வால்வு தரையில் சிதறியது. விரலைச் சூப்பியபடி பக்கத்தைப் புரட்டினான். 'ஆனால், ஆறும்வரை தொடவேண்டாம்.'

சிதறியதைக் கூட்டி, தண்ணீரைத் துடைத்து முடிக்கப் பொழுது சாய்ந்தது; வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது.

"எப்படி மருமகன்?" என்றார் ஸவாஹிர்.

"மாமா! பேச்செண்டா அதுதான் பேச்சு! ஒரு சொல்ல விடாமக் கேட்டம். றமீலா அழுதே போட்டா."

"இடையில... தடங்கல் ஒண்டும் இல்லையா?"

"சேச்சே! ஆத்து வெள்ளம் மாதிரி!"

வீட்டில் வேறு யாரையும் வாய் திறக்க விடாத ஸவாஹிர், மருமகனை வெகுநேரம் பார்த்தார். தொழுகைக்கு ஒளுச் செய்ய உள்ளே போனார்.

மனிதர் உருகிவிட்டார் என்று றவூப் தீர்மானித்தான். பலகைக்கு என்ன நிறம் என்பதுதான் பாக்கி. சந்தோஷம் தாங்காமல், மாமாவை வானொலி நிலையத்துக்கு ஏற்றிப்போய் வந்த ரிக்‌ஷாக்காரன் செல்லையாவிடம் ஓடினான்.

"நீயும் கேட்டியா, மாமாட பேச்ச?"

செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"பேச்சு எங்கங்க? மைக்கப் பாத்ததும் ஐயாவுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. கால் மணி நேரமும் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தாண்ட முழிச்சிக்கிட்டு நின்னாருங்க, ஒரு வார்த்தை வரல்ல."