டர்போவும் வீட்டோவும்

மகளின் பள்ளிக்கூடம், ஜன்னல் திரையின் நிறம், என் சட்டையின் நிறம், என் தலைமுடியின் நீளம் எல்லாவற்றையும் இந்த வீட்டில் முடிவு செய்பவள் என் மனைவி. போகட்டும். ஆனால் புதுக் காருக்கு என்ன இஞ்சின் என்பதை நான்தான் முடிவு செய்வேன். டீசல்! அதில் மாற்றமே இல்லை.

இந்த வீரத் தீர்மானத்தை எங்கே எடுத்தேன் என்கிறீர்களா? குளியலறையில். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

பழைய கார் எங்கள் தெரு மேட்டில் ஏற மாட்டேன் என்று படுத்துக்கொண்ட வாரம் அது. ஸ்டியரிங்கில் நான். பின்னால் தள்ளியவர்கள் மனைவியும் மகளும். "இன்னும் கொஞ்சம் தம் பிடிச்சுத் தள்ளுங்கம்மா" என்று ஜன்னல் வழியாக உற்சாகப்படுத்தினேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அவள் பேசிய முதல் வாக்கியமே, "புது வண்டி வாங்கணும்."

எனக்கு ஏன் டீசல் மேல் அப்படி ஒரு காதல்? சாவியைத் திருப்பினால் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். வீட்டில்தான் என் குரல் எடுபடவில்லை, வண்டியாவது உறுமட்டுமே! என் மாமனாரும் நம்ம கட்சிதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "டீசல்னா யானை, பெட்ரோல்னா பூனை" என்பது அவர் வேதவாக்கு. ஆக, டீசலுக்கு இரண்டு ஓட்டு. ஆனால் ஐ.நா. சபையில் சில நாடுகளுக்கு இருப்பது போல எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் எதையும் ரத்து செய்யும் வீட்டோ அதிகாரம் உண்டு. வீட்டுக்குள் செல்லுபடியாவதால்தான் அதற்கு 'வீட்டோ' என்றே பெயர் வந்திருக்க வேண்டும்.

அவள் பல் மருத்துவமனையில் நர்ஸ். வலி தெரியாமல் பிடுங்குவது அவளுக்குக் கைவந்த கலை.

அந்த வீட்டோவைத் தாண்டத்தான் என் மூளை வேலை செய்தது. பதினோரு வருஷ அனுபவம் சொல்கிறது: நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. நான் மழை வரும் என்றால் துணி துவைத்துக் காயப்போடுவாள். அப்படியானால் நான் பெட்ரோலைத் தூக்கிப் பிடித்தால்? தானாக வந்து டீசலில் விழுவாள்!

தூக்கிப் பிடிக்கப் பலம் வேண்டும். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பெட்ரோலுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், 'பெற்றோர் விலை மீண்டும் உயர்வு' என்று அச்சாகிப்போன ஒரு தலைப்பைக் கவனிக்காமல் விட்டதுதான். எனவே எங்கள் பழைய காரைப் பலமுறை எமனிடமிருந்து மீட்ட மெக்கானிக் கிரீஸ் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, டீசலை விட்டுட்டு சின்ன டர்போ பெட்ரோல் ஏன் வாங்கணும்? நாலு காரணம் சொல்லுங்க."

"சார், நீங்க டீசல்னு பச்சை குத்திக்காத குறையாத்தானே அலைஞ்சீங்க?"

"இது ராஜதந்திரம்ண்ணே!" என்று திட்டத்தை விளக்கினேன். "யார்கிட்டயும் வாயைத் திறந்துடாதீங்க."

"நான் ஏன் சார் திறக்கப் போறேன்?" என்றார். காரணங்களை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சர்க்கரை டப்பா. அதில் சாய்ந்தபடி அவள் போன்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றேன். "பெட்ரோல்தான். குட்டி இஞ்சின். மூணே சிலிண்டர். டர்போ."

"டர்போவா? 'டர்'ருன்னு கிளம்பி, பாதி மேட்டுல 'போ'ன்னு இறக்கி விட்டுடுமா?"

மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது!

"சேச்சே! புகையா வெளியே போற காத்து இருக்கு பாரு, அது ஒரு குட்டிக் காத்தாடியைச் சுத்தும். அந்தக் காத்தாடி இன்னும் கொஞ்சம் காத்தை இஞ்சினுக்குள்ள திணிக்கும். சின்ன இஞ்சினுக்குப் பெரிய இஞ்சின் பலம் வந்துரும்."

"டீசல்லதான் இழுவை ஜாஸ்தின்னு அப்பா சொல்வாரே?"

"இதுலயும் இழுவைக்குப் பஞ்சமில்ல."

"இழுவைக்குத்தான் நீங்க இருக்கீங்களே. ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா விடியுது. சரி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. குக்கர் சத்தத்துல காதுல விழல."

அடுப்பில் குக்கரே இல்லை. உற்சாகத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. பிழை திருத்துபவனுக்கு இது அழகா?

எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசுவது போல் முழங்கினேன். "நம்ம வண்டி எங்க ஓடுது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சகம். ஒரு நாளைக்கு மொத்தமே எட்டு கிலோமீட்டர்! புது டீசல் வண்டியில கரியைப் பிடிச்சு வைக்க ஒரு வடிகட்டி இருக்கு. அந்தக் கரி எரியணும்னா வண்டி நல்லா சூடேறி நீளமா ஓடணும். நம்ம ஓட்டத்துக்கு இஞ்சின் கொட்டாவி விட்டு எழுந்திருக்கும்போதே வீடு வந்துரும். வடிகட்டி அடைச்சுக்கும். கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வர யாராவது யானை வளர்ப்பாங்களா?"

நிறுத்திவிட்டு, 'முடியாது, டீசல்தான்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவள் ஒரு பட்டாணியை உரித்தாள்.

"மாப்பிள்ளை!" என்றது சர்க்கரை டப்பா.

தூக்கிவாரிப் போட்டது. பேசியது டப்பா இல்லை, போன். ஆரம்பத்திலிருந்தே என் மாமனார் அதில் இருந்திருக்கிறார்.

"முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்ட இப்படி நியாயம் பேச ஒரு தைரியம் வேணும் மாப்பிள்ளை. நான் ஓட்டினது பஸ். நாள் பூரா ஓடும். உங்க எட்டு கிலோமீட்டருக்கு டீசல் எதுக்கு? நீங்க சொல்றதுதான் சரி. என் பிடிவாதத்தை விட்டுட்டேன்."

"இல்ல மாமா... இருந்தாலும் டீசல்ல ஒரு கம்பீரம்..."

"என்னைச் சமாதானப்படுத்த வேணாம் மாப்பிள்ளை! பெட்ரோலே வாங்குங்க!"

போன் வைக்கப்பட்டது. நான் உட்கார்ந்தேன்.

"ஒரு மாசமா அப்பாகிட்டச் சொல்றேன், கேட்கவே இல்ல" என்றாள். "பொண்ணு சொன்னா ஏறாது. மாப்பிள்ளை சொன்னாத்தான் ஏறும்."

"அப்ப உனக்குப் பெட்ரோல்தான் வேணுமா?"

"நாம ஓட்டுற ஓட்டத்துக்கு வேற என்ன வேணும்?"

"சரி, நான் பெட்ரோலுக்குப் பேசப் போறேன்னு எப்படித் தெரியும்?"

"கிரீஸ் அண்ணன் கடவாய்ப் பல் பிடுங்க வந்தார். 'வாயை நல்லாத் திறங்க'ன்னேன். திறந்துட்டார்."

மறுவாரம் ஷோரூமில் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுத்தார்கள். முன்னால் மாமனார், பின்னால் மனைவியும் மகளும். எல்லோரும் ஏறியும் அந்த மூணு சிலிண்டர் குட்டி, பழைய கார் படுத்த அதே மேட்டில் முனகாமல் ஏறியது. ஏறியதா, பறந்தது! என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. உறுமலும் இல்லை, உதறலும் இல்லை. ஒரு காதலை மறந்து இன்னொன்றில் விழ எனக்கு அந்த ஒரு மேடு போதுமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன் பார்த்தீங்களா!" என்றேன், உண்மையான பெருமையோடு. மாமனார் என் தோளைத் தட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். மனைவி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி எடுத்த அன்று விற்பனையாளர் இரண்டு சாவிகளை நீட்டினார். ஒன்றை மனைவி வாங்கிக்கொண்டாள். நான் கையை நீட்டுவதற்குள் இன்னொன்று மாமனார் பைக்குள் போய்விட்டது.

"எனக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான் விளக்கம் சொல்ல நல்லா வருது" என்று சொல்லி, அவள் என் கையில் வைத்தது நானூறு பக்கக் கையேடு.