குண்டு சொன்ன சோளம்

விதைப்பு நெருங்கிவிட்டால் சந்தைத் தெருவில் சைக்கிள் நுழைய இடம் இருக்காது. பழைய கிடங்கு வாசலில் தொடங்கும் வரிசை இரும்புக் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, முடிதிருத்தும் கடை வாசலில் வளைந்து நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம். உள்ளே என்ன, தங்கமா? இல்லை. மண். அவரவர் வயலில் அள்ளிய மண்.

கிடங்குக்குள் திரைக்குப் பின்னால் குண்டு ஐயா உட்கார்ந்திருப்பார். அவர் விரலிலிருந்து பச்சை நூலில் ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். மண்ணுக்கு மேலே பிடித்தால் குண்டு ஆடும். வட்டமாக ஆடினால் அந்த நிலம் ஸ்வீட் கார்ன் கேட்கிறது. முன்னும் பின்னும் ஆடினால் கோழிக்கும் மாட்டுக்கும் போடுகிற மக்காச்சோளம், அதாவது தீவனச் சோளம் கேட்கிறது. ஆடாமல் நின்றால் நிலம் கோபித்துக்கொண்டிருக்கிறது. ஐயாவின் சிவப்புப் பொடியை வாங்கித் தூவிச் சமாதானப்படுத்த வேண்டும். பாவம் நிலம்! தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க இத்தனை காலம் ஒரு குண்டு இல்லாமல் தவித்திருக்கிறது.

குண்டு வானத்திலிருந்து விழுந்தது என்று சிலர் சொன்னார்கள். ஆற்றில் கிடைத்தது என்று சிலர் சொன்னார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் பிடிக்கும் தூக்குக்குண்டு அது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் வரிசையில் ஒரு கொத்தனாரே நின்றார். கொஞ்சம் வயலும் வைத்திருப்பவர். அவர் தோள்பையிலேயே அதே மாதிரி ஒரு குண்டு இருந்தது. யாரோ கேட்டதற்கு, "அது வேற, இது வேற. இது பேசும்" என்றார்.

குண்டு பார்க்க ஐயா காசு வாங்கமாட்டார். அவ்வளவு பெரிய மனசு! விதையை மட்டும் அவரிடமே வாங்கிவிட வேண்டும். வெளியே வாங்கிய விதை குண்டின் வாக்குக்குக் கட்டுப்படாதாம். விதை மூட்டைகளை ஐயாவின் மச்சான் பார்த்துக்கொண்டார். மச்சானுக்கு ஓயாத தொண்டைக் கோளாறு. அவர் இருமினால் அப்போது திரைக்குள் இருக்கிற நிலத்துக்கு ஸ்வீட் கார்ன் ஆசை வந்துவிடும். அவர் கனைத்தால் தீவனச் சோளத்தின் மேல் ஆசை திரும்பிவிடும். எந்த மூட்டை விற்காமல் தேங்கி நிற்கிறதோ அதற்கேற்ற நோய் மச்சானின் தொண்டைக்கு வந்தது. இருமல் மருந்து கொடுக்க நினைத்தவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை உண்டு. குண்டு சொன்னதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. இந்த ஒரு நிபந்தனையில்தான் ஐயாவின் மொத்த மூளையும் இருந்தது.

குண்டு வருவதற்கு முன்னால் இவர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல. டீக்கடையில் உட்கார்ந்து, "நீ என்ன போடுறே? நான் என்ன போட?" என்று கேட்டுவிட்டுத்தான் விதை வாங்குவார்கள். ஏனென்றால் தீவனச் சோளத்தின் மகரந்தம் காற்றில் பறந்து பக்கத்து வயல் ஸ்வீட் கார்ன் மேல் விழுந்தால் கதை முடிந்தது. அந்த அறுவடையிலேயே மணி கெட்டித்துப் போகும். இனிப்பு போய் மாவாகிவிடும். இது சோளம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குண்டு வந்தது, வாய்கள் மூடின. அப்பன் மகனிடம் சொல்லவில்லை, புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று முளைத்தது. முளைத்த பிறகும் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சையாகத்தான் தெரியும். கதிரைக் கடித்தால்தான் தெரியும். கடித்துவிட்டு ஐயாவிடம் ஓடினால், "யார்கிட்டயோ வாயை விட்டுட்டே" என்பார். இவர்களும், விட்டிருப்போமோ என்று தலையைச் சொறிந்துகொண்டு சிவப்புப் பொடி வாங்கித் திரும்புவார்கள்.

அப்படிப் பொடி வாங்கியவர்களில் ஒருவர் கோழிக்காரியின் அண்ணன். கோழிக்காரி என்றால் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். நியாயமான நீளம் என்பது என் எண்ணம். அண்ணன் உழுதது குத்தகை நிலம். போன தடவை அவர் போட்ட ஸ்வீட் கார்னை மண்டி வியாபாரி ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு, "இதைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுங்க" என்று வண்டியோடு திருப்பி அனுப்பினார். நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டார்: "உனக்குக் கை ராசி இல்ல தம்பி. இந்தத் தடவையும் இப்படின்னா வயலை வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

அண்ணன் என்ன செய்தார்? மறுபடியும் குண்டைப் பார்க்க மண் அள்ளினார்.

அவர் வாளியோடு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தபோது கோழிக்காரி முட்டை கொடுக்க வந்திருந்தாள். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்களாவது கேளுங்க. வயலே கையை விட்டுப் போகப் போகுது. இவரு பொட்டலம் கட்டிட்டு இருக்காரு."

"அண்ணே, போன தடவை உன் வயலைச் சுத்தி யாரு என்ன போட்டிருந்தாங்க?"

"அது எப்படிக் கேக்கறது? சொல்லக் கூடாதே."

"சரி, எங்க அண்ணிகிட்டயாவது சொன்னியா?"

"அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அறுத்த கதிரை நான்தான் வேக வெச்சேன்" என்றாள் அண்ணி. "என்ன போட்டீங்கன்னு தின்னு பாத்தும் எனக்குத் தெரியல. பல்லுதான் ஆடிச்சு."

கோழிக்காரி சிரிக்கவில்லை. வாளியை இழுத்தாள். மூன்று காகிதம் எடுத்தாள். அதே மண்ணை மூன்று பொட்டலமாகக் கட்டினாள்.

"உனக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தனித்தனியா உள்ள போவோம். குண்டு மூணு பேருக்கும் ஒரே பதில் சொன்னா இனிமே நான் வாயைத் திறக்கவே மாட்டேன்."

தங்கை வாயைத் திறக்கமாட்டாள் என்பது அண்ணனுக்குக் குண்டைவிடப் பெரிய அதிசயம். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அதுமட்டுமல்ல, ஒரே பதில்தான் வரும் என்று மனதார நம்பினார். அதுதான் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வரிசை நகர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் கொத்தனார் நின்றார். அவருக்கும் பின்னால் யார் தெரியுமா? நிலத்துக்காரரேதான், கையில் தன் சொந்த வயல் மண்ணோடு. கை ராசி அவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? குண்டுதான் தர வேண்டும்.

அண்ணன் திரைக்குள் போனார். மச்சான் இருமினார். அண்ணன் வெளியே வந்தார். அண்ணி போனாள். மச்சான் கனைத்தார். அண்ணி வந்தாள். கோழிக்காரி போனபோது மச்சான் யாரோடோ மூட்டைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்ததால் இருமலும் இல்லை, கனைப்பும் இல்லை. குண்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அசையாமல் நின்றது.

வெளியே வந்த கோழிக்காரி வாசல்படியிலேயே நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள்: "அண்ணே, உனக்கு என்ன சொன்னாரு?"

"ஐயோ, மெதுவா! ஸ்வீட் கார்ன்னு..."

"ஸ்வீட் கார்ன்னுதானே? அண்ணி, உங்களுக்கு?"

"தீவனச் சோளம்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. வானம் இடியவும் இல்லை.

"எனக்கு நிலம் கோவமா இருக்காம், பொடி போடணுமாம். எல்லாரும் கேட்டுக்குங்க. மூணும் ஒரே வாளி மண்ணு!"

வரிசை கலைந்து வாசலில் குவிந்தது. சத்தம் கேட்டு ஐயா குண்டோடு வெளியே வந்தார். முகத்தில் கருணை வழிந்தது. இந்த ஆட்களுக்கு மாட்டிக்கொண்டால்தான் கருணை கூடும்.

"மண்ணு ஒண்ணா இருக்கலாம் தாயி. கொண்டு வந்த மனுஷங்க வேற வேற. குண்டு ஆளைப் பாத்துப் பேசும்."

"ஆளைப் பாத்துன்னா அப்புறம் மண்ணு எதுக்குங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயாவின் கருணை கொஞ்சம் வற்றியது.

"குதர்க்கம் பேசாதே. ஆட்டுறது நான் இல்ல. என் கை சும்மா பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். குண்டு தானா ஆடுது. இத்தனை பேரும் கண்ணால பாத்திருக்காங்க."

"தானாத்தான் ஆடுதா?"

"தானாத்தான்!"

"அப்ப உங்க கை எதுக்கு ஐயா வீணா வலிக்கணும்? அந்தத் தராசுக் கொக்கியில மாட்டி விடுங்க. கீழ மண்ணை வைப்போம். அதுவே ஆடிச் சொல்லட்டும்."

விதை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு கிடங்கின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கியது. எல்லோரும் அந்தக் கொக்கியைப் பார்த்தார்கள். மச்சான் இருமினார், கனைத்தார், மறுபடி இருமினார். அன்றைக்கு அவர் தொண்டையை யாரும் மதிக்கவில்லை.

ஐயா, "தெய்வ காரியத்துல சோதனை கூடாது" என்றார். அதற்குப் பதில் சொன்னது, யாரும் எதிர்பாராத விதமாக, நிலத்துக்காரர். "மாட்டுங்க ஐயா. ஆடிட்டா இந்தப் பொம்பளை வாய் அடங்கும்ல?" பக்தர்கள் அப்படித்தான், சில சமயம் பகைவர்களைவிட வேகமாகக் குழி வெட்டிவிடுவார்கள்.

கொத்தனார் நூலை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். அண்ணன் தன் மண்ணைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தினார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள். குண்டு கொஞ்சம் ஊசலாடியது. "ஆடுது, ஆடுது!" என்றது கூட்டம். பிறகு ஆட்டம் குறைந்தது. பிறகு நின்றது.

காத்திருந்தார்கள். மண்ணை மாற்றினார்கள். கொத்தனார் மண், நிலத்துக்காரர் மண், தெருமண்கூட வைத்துப் பார்த்தார்கள். குண்டு அசையவில்லை. ஐயா கைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அது தன் சொந்த வேலையைச் செய்தது: நேராகத் தொங்கியது.

கொத்தனார் மெதுவாகத் தன் தோள்பையிலிருந்து தன்னுடைய குண்டை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். ஒரே உயரம், ஒரே திருகு, ஒரே வளையம். "என்னோடதுதான் கொஞ்சம் பளபளப்பா இருக்கு" என்றார். அது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

ஐயா எப்போது பின்கதவு வழியாகப் போனார் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் மட்டும் மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு நான்கு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தொண்டை பூரணமாகக் குணமாகிவிட்டிருந்தது.

மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு அண்ணன்தான், ஏதோ கெட்ட வார்த்தை சொல்லப்போகிற மாதிரித் தயங்கி, நிலத்துக்காரரைக் கேட்டார்: "நீங்க... வரப்புக்கு அந்தப் பக்கம் உங்க வயல்ல, போன தடவை என்ன போட்டீங்க?"

நிலத்துக்காரர் தரையைப் பார்த்தார். "தீவனச் சோளம்."

ஒரே வரப்பு, ஒரே பருவம், ஒரே காற்று. அண்ணனின் ராசியைக் கெடுத்தது நிலத்துக்காரரின் வயலிலிருந்து பறந்த மகரந்தம். அந்தத் தூளைத் தூவிய மனிதர்தான் வாசலுக்கு வந்து, கை ராசி இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்! எனக்கு அப்போது ஐயாவின் மேல் வந்த கோபத்தைவிட இந்த இரண்டு பேரின் மேல்தான் அதிகமாக வந்தது. ஒரு வாய் வார்த்தை. ஒரு டீ ஆறுகிற நேரம். அதைப் பேசாமல் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். பொட்டலம் கட்டிய மண்.

"வயலு உன்கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றார் நிலத்துக்காரர். "இந்தத் தடவை என்ன போடலாம்னு நீயே சொல்லு. நானும் அதையே போட்டுடறேன்."

"ஸ்வீட் கார்ன் போடறேங்க. மண்டிக்காரர் முகத்துல ஒரு தடவை முழிக்கணும்."

"இல்ல, உங்களுக்குத் தீவனம்தான் வேணும்னா போடுங்க" என்று கோழிக்காரி நிலத்துக்காரரிடம் சொன்னாள். "மூணு நாலு வாரம் தள்ளி விதைங்க. ரெண்டும் ஒண்ணாப் பூக்காம இருந்தாப் போதும். சோளத்தை என் கோழிங்க தின்னுக்கும். அதுங்க யாரையும் வாக்குக் கேக்காது."

கூட்டத்தில் அதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. நீ என்ன, நான் என்ன, உன் மேற்கால யாரு, கீழ்க்கால யாரு என்று பழைய டீக்கடைச் சத்தம் கிடங்கு நிறைய எழுந்தது. அண்ணி பொட்டலத்தைப் பிரித்து, மண்ணைத் தெருவோரச் செடிக்குக் கொட்டினாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கிளம்பும்போது ஒருவர் கோழிக்காரியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். கொக்கியிலிருந்து அவிழ்த்த குண்டை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"அந்த ஆளு ஃபிராடுதாம்மா. ஒத்துக்கறேன். ஆனா குண்டு என்ன பண்ணும்? நீங்க உண்மை பேசறவங்க. உங்க கையால ஒரு தடவை பிடிச்சுப் பாருங்களேன்."

கோழிக்காரி குண்டை வாங்கி, அதன் தலைப்பக்கத்தை அவருக்குக் காட்டினாள்.

"இதுக்கு மேல என்ன இருக்கு, பாருங்க."

"ஒரு வளையம்."

"நூல் கட்டி அடுத்தவன் ஆட்டறதுக்கு. உங்க கழுத்துக்கு மேல இருக்கறதும் அதுக்குத்தானா?"