நூறு சுற்றும் முதல் பந்தியும்

எதையும் எண்ணாமல் எனக்கு நிம்மதி வராது. ஈப்போவில் எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. (பதினாறாவதில் மட்டும் கால் இடறும். ஏனென்று தெரியாமல் பல வருடம் கவலைப்பட்டேன்.) எண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் பரிசத்தையே கெடுக்கப் பார்த்தது.

பரிசம், நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். அங்கே ஒரு பந்திக்கு அறுபது இலைதான். தைப்பிங்கிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்களை முதலில் உட்கார வைக்க வேண்டும். "அவங்க நிக்கக்கூடாதுப்பா, எனக்குத்தான் அசிங்கம்" என்று மகள் நான்கு முறை சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் பார்த்தால், மண்டபத்து ஸ்பீக்கரில் கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது. கீச்சென்ற ஒலியை அடக்கித் தடித்த ஒலியை விடுகிற சுருள் அது. ரேடியோ பழுது பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ஒரு இன்ச் பைப்புல, நல்லா பரப்பி, நூறு சுத்து சுத்துங்க மச்சான். போதும்லா," என்றான்.

என் காதில் நூறு மட்டும்தான் விழுந்தது. கைக்குக் கிடைத்தது இரண்டு இன்ச் பைப். பெரிது என்றால் உறுதிதானே? அழகுக்காக நெருக்கி, குட்டையாகச் சுற்றி, மூன்று முறை எண்ணினேன். சரியாக நூறு. ஸ்பீக்கரில் மாட்டி, உறுமி மேளப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. எனக்கு ஏக பெருமை.

மறுநாள் தட்டு மாற்றி முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். "மாப்பிள்ளை வீட்டார் மட்டும் முதல் பந்திக்கு வாருங்கள். பெண் வீட்டார் தயவுசெய்து காத்திருங்கள்."

வெளியே வந்தது இதுதான்: "மூம்ம்... ஊம்ம்... பந்தி... ஊம்ம்... ங்ங்ங்."

எங்கள் ஆட்களுக்குப் பந்தி என்ற ஒரு சொல் போதும். ஒரே பாய்ச்சல். அறுபது இலையும் நிரம்பின. மாப்பிள்ளை வீட்டார் ஐம்பத்தெட்டுப் பேரும் சுவரோரம் நின்றார்கள். (அந்த நேரத்திலும் எண்ணினேன்.) மகள் என்னைப் பார்க்கவில்லை.

மச்சான் சுருளைக் கழற்றிப் பார்த்தான். "சுத்து சரிதான் மச்சான். ஆனா அகலம் ரெட்டிப்பாச்சுன்னா இண்டக்டன்ஸ், அதான் கீச்சு சத்தத்த அடக்குற சக்தி, மூணு நாலு மடங்காயிடும்லா. குட்டையா வேற சுத்திட்டீங்க, அதுல இன்னும் ஏறிருச்சு. பேச்சையெல்லாம் முழுங்கிட்டு வெறும் உறுமல விடுது."

பின்னால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியைத் தூக்கினார்.

"கிணத்துல விழுந்த மாடு கத்துதுன்னு நெனச்சேன் சம்பந்தி, நீங்கதானா? சரி விடுங்க. இப்ப நாங்க பரிமாறுறோம், அடுத்த பந்திக்கு உங்க ஆளுங்க எங்களுக்குப் போடட்டும்."

ஐம்பத்தெட்டுப் பேரும் பரிமாற இறங்கினார்கள். கிட்டத்தட்ட இலைக்கு ஒருவர் என்று உபசாரம். அப்போதுதான் மகள் சிரித்தாள்.

இன்றுவரை அவள் வீட்டில் யாரும் "சாப்பிட வாங்க" என்று சொல்வதில்லை. "ஊம்ம்" என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். நான் எதை எண்ணி முடித்தாலும், "எண்ணிட்டீங்க, சரி. அளந்தீங்களாப்பா?" என்று கேட்பாள்.

போன வாரம் பதினாறாவது படியை அளந்தேன். அரை இன்ச் உயரம் கூடுதல்.