கேப்டனிடம் கேட்கக்கூடாத கேள்வி

பணம் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களைப் பணம் கொடுக்க விடாமல் செய்யும் திறமை இந்தத் தீவில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. எங்கள் கேப்டனுக்கு. கப்பல் கேப்டன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பஸ் ஓட்டுநருக்கும் அதுதான் பெயர். பிடோக் வட்டாரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் 'துணை' என்றோர் அமைப்பைத் தொடங்கினார். தனியாக வாழும் முதியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொல்வதைக் கேட்டு, மருந்து வாங்கி, வீட்டில் கொண்டுவிடுவது வேலை. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அறை. சக்கர நாற்காலி ஏறுகிற வாடகை வேன் ஒன்று. பட்டம் வாங்கிய சூட்டோடு நானும் போய்ச் சேர்ந்தேன்.

வேன் வாடகையைக் கொடுத்துவந்த புண்ணியவான் தொழிலை மூடியதும் சிக்கல் வந்தது. ஏதாவது அறக்கட்டளை கைகொடுத்தால் வேன் ஓடும். இல்லையென்றால் டயாலிசிஸுக்குப் போகிற பொங்கோலில் இருக்கும் ராஜம்மா முதற்கொண்டு எல்லாரும் பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாகத் திண்டாட வேண்டியதுதான்.

அறக்கட்டளைகள் என்னவெல்லாம் பார்க்கும் என்று இரவு பகலாகப் படித்து கேப்டனுக்கு விளக்கினேன். எத்தனை பேருக்கு உதவினோம் என்பது போதாது, அதனால் என்ன மாறியது என்று கேட்பார்கள். தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாத கமிட்டி வேண்டும் என்பார்கள்.

"நம்ம கமிட்டி தலையாட்டுதா?"

"அதத் தவிர வேறெதுவும் செஞ்சு நான் பாத்ததில்ல, அங்கிள்."

கமிட்டி என்பது அவரோடு தேநீர் குடிக்கும் மூவர்: ஒரு பூக்கடைக்காரர், ஒரு பழைய கிளார்க், சாங்கி விமான நிலைய கார்கோவில் வேலை பார்த்த ஒருவர். கேப்டன் அவர்களைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். "அறக்கட்டளை ஆளுங்க வர்ற அன்னைக்கு ஆளுக்கொரு எதிர்ப்பு ரெடியா வச்சிருக்கணும்." மூவரும் தலையாட்டினார்கள்.

அறக்கட்டளையிலிருந்து ஷர்மிளா என்ற அதிகாரி வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"இந்த ஃபேன் வேகத்த நான் எதிர்க்கிறேன்" என்றார் பூக்கடைக்காரர்.

"அவர் எதிர்க்கிறத நான் எதிர்க்கிறேன்" என்றார் கார்கோ.

"போன மீட்டிங்ல வடை ஆறிப்போனதுக்கு யார் பொறுப்பு?" என்றார் கிளார்க்.

நான் லேப்டாப்புக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். ஷர்மிளா பொறுமையாக, "உங்க சேவையால என்ன மாறியிருக்கு சார்?" என்று கேட்டார். இதற்கென்றே அழகாக ஒரு வரைபடம் செய்துவைத்திருந்தேன். கேப்டன் முந்திக்கொண்டார். "முன்ன ராஜம்மா பேசாம போகும். இப்ப திட்டிக்கிட்டே போகுது. திட்ட ஆள் இருக்குல்ல."

அதையும் ஷர்மிளா எழுதிக்கொண்டார். அடுத்து வந்ததுதான் கேட்கக்கூடாத கேள்வி.

"சார், நாளைக்கே உங்கள ஒரு பஸ் இடிச்சிட்டா, துணை என்ன ஆகும்?"

கேப்டன் முகம் மாறியது. "எந்த நம்பர் பஸ்?"

"சும்மா ஒரு உதாரணம் சார்."

"உதாரணமா இருந்தாலும் நம்பர் இருக்கும்ல? ஓட்டுறது யாரு? டபுள் டெக்கரா?"

"அங்கிள், நீங்க இல்லன்னா அடுத்து யாருன்னு கேக்குறாங்க" என்று கெஞ்சினேன்.

"அத அப்புறம் பாப்போம் லா. மொதல்ல எங்காளுங்க மேல விழுந்த பழியத் தொடைக்கணும்."

எழுந்துபோய் என் வரைபடத்தை மறைத்துக்கொண்டு வொயிட்போர்டில் பஸ் வரைந்தார். கண்ணாடிகள், கண்ணுக்குப் படாத மூலை, பிரேக் பிடிக்கும் தூரம் என்று பாடம் ஓடியது. வேன் கைவிட்டுப் போயிற்று என்று நான் முடிவுகட்டியபோது எல்லா அழைப்பும் வரும் கேப்டனின் போன் மேசையில் அடித்தது. அவர் காதில் விழவில்லை. பூக்கடைக்காரர் எடுத்தார். வேன் பஞ்சர், டயாலிசிஸ் முடிந்த ராஜம்மா சென்டர் வாசலில் காத்திருக்கிறார்.

எதிர்ப்பும் இல்லை, தலையாட்டலும் இல்லை. கிளார்க் தன் போனில் சக்கர நாற்காலி டாக்ஸிக்குச் சொன்னார். கார்கோ, ராஜம்மாவை லைனில் பிடித்து, வசவுகளை வாங்கியபடியே, "வண்டி வர்றவரைக்கும் பேசிக்கிட்டே இரு, நான் கேக்குறேன்" என்றார். டாக்ஸி ஏறியாயிற்று என்று செய்தி வந்தபோது கேப்டன் பாடத்தில் இடதுபக்கத் திருப்பத்தில் இருந்தார். ஷர்மிளா போர்டைப் பார்க்கவேயில்லை. அந்த மூவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் கேள்விக்குப் பதில் கெடச்சிருச்சு."

"கெடைக்கும்மா. அதான் படம் போட்டே காட்டிட்டேனே."

பணம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனையோடு: அன்றாட வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும். கமிட்டி என்னைக் கைகாட்டியது. இப்போது அழைப்பெல்லாம் எனக்குத்தான்.

முதல் வாரமே கேப்டன் போன் செய்தார். "என்னம்மா, காலையிலேர்ந்து ஒரு கால் கூட வரல. என் போன் கெட்டுப்போச்சா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரை அழைத்து ஒரு சந்தேகம் கேட்கிறேன். அரை மணி நேரம் திட்டித் திட்டி விளக்குகிறார். விடை தெரிந்த கேள்வியாகப் பார்த்துத்தான் கேட்கிறேன்.